விண்ணப்பம் ஆசிரியருடையது, வரலாறு நம்முடையது!

கல்லூரி ஆசிரியர் ஒருவர் வரலாற்றுப் பயிலரங்கு ஒன்றுக்கு விண்ணப்பம் போடுகிறார். போடட்டுமே, அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? மூட்டை தூக்கி முதுகு வளைந்தவனுக்கும், தறி முன்னால் நின்று கால் மரத்தவனுக்கும் எதற்கு இந்தக் கவலை என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும்.

தொடர்பு இருக்கிறது, தோழர்களே! அந்த மூட்டை தூக்கியவனின் மகன்தான் இன்று அரசுக் கலைக் கல்லூரியின் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன். அவன் காதில் எந்த வரலாறு விழப்போகிறது? மன்னர் மகுடம் சூடிய வரலாறு மட்டுமா, மகுடத்துக்கு வரி கட்டியவன் வரலாறும் சேர்ந்தா? இதற்கு விடை, அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் தாம் கற்றதைப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்புப் பெற்றாரா என்பதில் அடங்கியிருக்கிறது.

அந்த வாய்ப்புக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. 2023-இல் அவற்றுக்கு மாளவியா பெயர் சூட்டப்பட்டது. பாடவாரியாக இரண்டு வார அளவில் அங்கே நடப்பதைப் 'புத்தொளிப் பயிற்சி' என்கிறார்கள். 1972-இல் அமைந்த இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் பயிலரங்குகளுக்குப் பண உதவி செய்கிறது. பயிற்சி முடித்த சான்றிதழ், நிரந்தர ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கணக்கில் சேரும்.

ஏட்டில் கதவு திறந்திருக்கிறது. நடைமுறையில்?

விண்ணப்பம் கல்லூரித் தலைமையின் ஒப்புதலோடு போகவேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர் கேட்டால் கையெழுத்து விழும். கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரிலே, தொகுப்பூதியத்திலே காலம் தள்ளுகிறவர் நிலை என்ன? பெயரிலே கௌரவம்; வேலையிலே உறுதி இல்லை; ஏறுவதற்குப் பதவிப் படியும் இல்லை. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டால், "உம் வகுப்பை யார் எடுப்பது?" என்ற கேள்விக்கும், சம்பளம் பிடிபடுமோ என்ற அச்சத்துக்கும் பதில் தேடவேண்டும்.

இது நமக்குப் புரியாத கதையா? ஆலை வாயிலில் நின்று, இன்று வேலை உண்டா இல்லையா என்று மேஸ்திரியின் முகம் பார்த்த பதிலித் தொழிலாளியை நாம் அறிவோம். நிரந்தரத் தொழிலாளிக்கு இருந்த விடுப்பு அவனுக்கு இல்லை என்பதையும் அறிவோம். ஆலைக்குப் பதிலி; கல்லூரிக்குக் கௌரவ விரிவுரையாளர்! சட்டை வெள்ளையாக இருக்கலாம், சங்கடம் ஒன்றுதான். ஆகவே, எந்த ஆசிரியருக்கும் சம்பளப் பிடித்தம் இல்லாமல் பயிலரங்குக்குச் செல்ல உரிமை வேண்டும் என்ற கோரிக்கை, ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கை மட்டுமல்ல. நம் கோரிக்கையும் ஆகும்.

சரி, உரிமை கிடைத்தது, ஆசிரியர் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். போய் எதைக் கற்கப் போகிறார்? 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை விளக்க அந்த நிலையங்களில் தனிப் பயிற்சியே நடத்தப்படுகிறது. கொள்கையை விளக்க நேரம் ஒதுக்குவோர், கூலிக்காரனின் வரலாற்றுக்கும் நேரம் ஒதுக்கவேண்டாமா?

சில பயிலரங்குகளில், "ஏன் வர விரும்புகிறீர்?" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தை ஆசிரியப் பெருமக்கள் நன்றாகப் பயன்படுத்தவேண்டும் என்பது நம் விருப்பம்.

1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோர் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்திக் கூலி உயர்வு பெற்றார்கள். வ.உ.சி. கைதானதும், அவருக்காக மீண்டும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் விதை ஊன்ற, வாடியாவும் திரு.வி.க.வும் தோள் கொடுத்தனர். 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள்.

தலைவர்களின் பெயர் நமக்குத் தெரியும். 1908-இல் வேலையை விட்டு வெளியேறியவனின் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரிந்ததா? கடன் கொடுத்தது யார்? குழந்தைக்குக் கஞ்சி ஊற்றியது யார்? "இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் முறையைக் கற்க வருகிறேன்" என்று எழுதட்டும் ஆசிரியர்!

நடக்கக் கூடியதா இது? நடந்திருக்கிறது. இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு நகரில், 1899-இல் தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே ரஸ்கின் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ராபேல் சாமுவேல், 1967-இல் 'வரலாற்றுப் பட்டறை' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பேராசிரியர் பேச, தொழிலாளி கேட்க என்ற முறையை அவர் மாற்றினார். அவரவர் தொழிலின் வரலாற்றை அவரவரே ஆவணம் தேடி எழுதலாம் என்றார். அந்தப் பட்டறையின் முதல் வெளியீடு 1970-இல் வந்தது. என்ன தெரியுமா? ரயில்வேத் தொழிலாளியாக இருந்து மாணவரான ஃபிராங்க் மெக்கென்னா தொகுத்த, ரயில்வேக்காரர்களின் பேச்சுமொழி அகராதி! பெயருக்கேற்ற பட்டறைதான் அது: இரும்பைக் காய்ச்சி அடித்தவனே வரலாற்றையும் வடித்தான்.

இங்கே அதைச் செய்யக் காலம் காத்திருக்காது. பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. எழும்பூரில் 1909 முதல் நிற்கும் ஆவணக் காப்பகத்தில் கலெக்டர் எழுதிய அறிக்கை பத்திரமாக இருக்கும். கலெக்டரை எதிர்த்து நின்றவனின் பேச்சு, அவன் மூச்சோடு போய்விடும்.

ஆகவே தோழர்களே, ஆசிரியரிடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. சங்க அலுவலகப் பரணில் கிடக்கும் மினிட் புத்தகம், வேலைநிறுத்த நோட்டீஸ், சந்தா ரசீது, பழைய படம்—பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடாதீர்! கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். அவர் தேடிச் சேர்த்த நூல்களும் ஏடுகளும் துண்டு வெளியீடுகளும்தான், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். பேராசிரியர் பட்டம் இல்லாத ஒருவர் செய்த பணி அது!

உங்கள் ஊர்க் கல்லூரியின் வரலாற்று ஆசிரியரைச் சென்று பாருங்கள். சங்கத்தின் பழைய ஏடுகளை அவர் முன் விரித்து வையுங்கள். ஓய்வு பெற்ற தோழரை அவர் வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். "பயிலரங்குக்கு விண்ணப்பம் போடுங்கள், ஐயா! விடுப்புத் தர மறுத்தால் சொல்லுங்கள், உங்கள் சங்கத்தோடு எங்கள் சங்கமும் வாயிலில் வந்து நிற்கும்" என்று உறுதி கூறுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். அதில் எழுதப்படும் வரலாறு நம்முடையதாக இருக்கட்டும்!