ஞாயிறு வந்தால் கேமரா!

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் தவறாமல் அரங்கேறும் வசனம் ஒன்று உண்டு.

"நாளைக்கு எந்தக் கொக்கு?"

கேட்பது என் மனைவி. நான் வாயே திறக்க மாட்டேன். பாட்டரியை சார்ஜரில் சொருகிவிட்டு, மெத்தென்ற துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "இந்த அக்கறையில கால்வாசி ஜன்னல் கண்ணாடிக்குக் காட்டினா, நமக்குத் தெருவாவது தெரியும்" என்பது அடுத்த வசனம். அதற்கும் மௌனம்தான். காலை நாலரைக்கு ஃபிளாஸ்கில் காபி ஊற்றித் தரவேண்டியவள் அவள்தானே!

சிலருக்கு ஞாயிறு என்றால் பிரியாணியும் குட்டித் தூக்கமும். எனக்கு கேமரா. விடியலில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் தூரம்தான் என் எல்லை. லாட்ஜ் செலவு கிடையாது, லீவு லெட்டர் கிடையாது.

இந்தப் பைத்தியம் பிடித்தது பிலிம் காலத்தில். ஒரு ரோலுக்கு 36 படம். பட்டனை அமுக்கும்போதெல்லாம் பர்ஸ் வலிக்கும். ஒருமுறை குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். 36 முடிந்தும் கேமரா நிற்கவில்லை. 37, 38, 39... "கடைக்காரர் தங்கமான மனுஷன், கொசுறு போட்டிருக்கார்" என்று பூரித்துப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை! படச்சுருள் போட்டது போட்டபடி டப்பாவுக்குள் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபிலிமைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று கவனித்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இன்றைக்கும் கொடைக்கானல் பேச்சு வந்தால் மாமியார் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

டிஜிட்டல் வந்ததும் கஞ்சத்தனம் போய் ஊதாரித்தனம் வந்துவிட்டது. ஒரே கூழைக்கடாவை அறுநூறு தடவை எடுத்தேன். அறுநூறிலும் அது ஒரே மாதிரிதான் முறைத்தது.

அந்தக் கூழைக்கடா இருந்த இடம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி ஏரி வறண்டுவிட்டால் பறவைகளும் நம்மை ஏமாற்றிவிடும். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் மாடி மாடியாகக் கூடுகள். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகைக் கிட்டத்தில் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தை தின்பதற்கு வசதி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். இதைக் கண்ணால் பார்க்க வைத்தது கேமராதான். வெறுங்கண்ணால் பார்த்திருந்தால், "ஏதோ கொக்கு" என்று சொல்லிவிட்டு முறுக்கு தின்றிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியது ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு கௌல் எழுதிக் கொடுத்தார். ஆகவே அங்கே போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்... அல்லது செய்யாதீர்கள். பறக்கிற போஸ் வேண்டும் என்று கை தட்டாதீர்கள், கல் எறியாதீர்கள். சாயங்காலம் வரை காத்திருந்தால் கூட்டம் கூட்டமாக அவையே பறந்து வரும்.

மாமல்லபுரம் வேறு ரகம். அங்கே சிற்பம் பறந்து போகாது, வெளிச்சம்தான் பறந்துவிடும். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயில் சாய்வாக விழும்போது யானையும் நாகர்களும் புடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். உச்சி வெயிலில் போனால் இட்லி மாவு தடவின மாதிரி தட்டையாக இருக்கும். தவம் செய்யும் பூனையை மறக்காமல் எடுங்கள். சுற்றி எலிகள் வேறு! முக்காலியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் அதற்கு முன்அனுமதி வேண்டும்.

"அந்த யானை கிட்ட போய் நில்லு. யானை எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்" என்றேன் மனைவியிடம்.

"முப்பது வருஷமா அளவுகோலாத்தான் நிக்கறேன்" என்றபடி போய் நின்றாள். "நீங்க ஒரு படத்துலயாவது இருக்கீங்களா?"

சிரித்துவிட்டு 'க்ளிக்'கினேன். வீட்டுக்கு வந்ததும்தான் அந்தக் கேள்வி உறுத்தியது. பரணிலிருந்து அப்பாவின் ஆல்பத்தை இறக்கினேன்.

அப்பாவிடம் ஓர் ஆக்ஃபா க்ளிக் கேமரா இருந்தது. ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் படம் எடுப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. மெரினாவில் அம்மா, வைகை அணையில் அக்கா, கோயில் வாசலில் மொட்டைத் தலையோடு நான்... எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். அப்பா மட்டும் இல்லை. ஒரு படத்திலும் இல்லை.

அவர் 1994-ல் காலமானபோது மாலை போட ஒரு படம் இல்லாமல் தவித்தோம். கடைசியில் கிடைத்தது ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்ப் சைஸ் படம். அதிலும் பாதிக் கன்னத்தில் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டுடியோக்காரர் முத்திரையை அழித்து, கன்னத்தைத் தானே வரைந்து, போனால் போகிறது என்று ஒரு கோட்டும் மாட்டிவிட்டார். ஆயுளில் அப்பா கோட் போட்டதே கிடையாது. ஹாலில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ வடக்கத்திப் பெரிய மனிதரைக் கும்பிடுகிற மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்கு ஆல்பத்தை மறுபடி புரட்டினேன். மெரினா படத்தில், அம்மாவின் காலடி மணலில் ஒரு நிழல். ஒல்லியான உடம்பு, மார்பருகே மடக்கிய கைகள், குனிந்த தலை. சாயங்கால வெயிலில் நீண்டு, அம்மாவின் புடவை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும், "அப்பா நிழல் விழுந்து படம் கெட்டுப் போச்சு" என்றுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்தைப் பெரிசு பண்ணி, கோட் போட்டவருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக் கோயில். கேமராவை மனைவி கையில் கொடுத்து, "என்னை எடு" என்றேன். ஒரு கணம் அவள் ஏதும் பேசவில்லை. பிறகு வாங்கிக்கொண்டாள்.

படத்தில் கோபுரம் சாய்ந்திருக்கிறது. எனக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை.

"மேலே விட்டுட்டியே?" என்றேன்.

"அங்கேதான் முடியே இல்லையே, எதுக்கு வீணா எடுக்கணும்?" என்றாள்.