லண்டன் மொட்டை மாடிகள்: எது காசுக்கு, எது நமக்கு?

கோடை வந்தாலே எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "லண்டன் வர்றோம், எந்த ரூஃப்டாப் பாருக்குப் போகலாம்?"

கேட்கிறதுல நியாயம் இருக்கு. ஜூன் கடைசியில இங்க சூரியன் மறையவே ராத்திரி ஒன்பதே காலைத் தாண்டிடும். ஆபீஸ் முடிஞ்ச பிறகும் மூணு, நாலு மணி நேரம் வெளிச்சம் மிச்சம் இருக்கிற ஊர்ல எல்லாரும் மாடிக்குத்தான் போவாங்க. ஆனா ஒரு காக்டெயிலுக்கு 15 பவுண்டுக்கு மேல கேட்கிறது இங்க சாதாரணம். பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கிற ஒருத்தருக்கு அது ஒரு மணி நேரச் சம்பளத்தை விட அதிகம்.

அதனால இன்னிக்கு நான் "டாப் டென்" லிஸ்ட் போடப் போறதில்ல. இந்த ஊர்ல சில மாடிகள், கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே பொதுமக்களுக்காகப் பேசி வாங்கப்பட்டவை. அது எதுன்னு தெரிஞ்சா, காசு செலவு பண்ணணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

முதல்ல ஸ்கை கார்டன். 20 ஃபென்சர்ச் தெருவுல, மேல போகப் போக அகலமாகிற கட்டடம். அந்த வடிவத்தால "வாக்கி டாக்கி"ன்னு பட்டப்பேர். உயரம் சுமார் 160 மீட்டர். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இருக்கிற "சிட்டி" பகுதியில, உயரமான கட்டடங்களை ஒரே கொத்தா வைக்கணும்ங்கிறதுதான் திட்டமிடல் கொள்கை. இது அந்தக் கொத்தை விட்டுத் தள்ளி, தேம்ஸ் பக்கமா தனியா நிக்குது. எதிர்ப்பு வந்து, பொது விசாரணை நடந்து, 2007-ல அனுமதி கிடைச்சது. அனுமதிக்கு ஆதரவா வச்ச வாதங்கள்ல முக்கியமான ஒண்ணு, உச்சியில பொதுமக்களுக்கு இலவசத் தோட்டம்ங்கிறது. ஊரோட வானத்துல நாங்க ஒரு பங்கு எடுத்துக்கிறோம், பதிலுக்கு உச்சி மாடியை உங்களுக்குத் தர்றோம். பேரம் அவ்வளவுதான்.

2015 ஜனவரியில திறந்தாங்க. டிக்கெட் இலவசம். ஆனா ஆன்லைன்ல முன்பதிவு பண்ணணும், கோடையில வார இறுதி நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துடும். வாசல்ல விமான நிலையம் மாதிரி சோதனை. உள்ள போனா கண்ணாடிக் கூரை, சரிவான பாத்தியில மத்தியதரைக்கடல், தென்னாப்பிரிக்கச் செடிகள், நடுவுல பார், மேல உணவகங்கள். காட்சி அபாரம்தான். ஆனா தெருவுல இருக்கிற ஒரு பூங்காவுக்குள்ள நுழைய யாரும் பேர் பதிய வேண்டியதில்ல. அப்போ இது பூங்காவா, பூச்செடி வச்ச உணவகமா? திறந்தப்போ பத்திரிகைகள் கேட்டது இதைத்தான்.

அதே தெருவுல கொஞ்சம் நடந்தா 120-ஆம் எண் கட்டடம். பதினைந்தாவது மாடியில "கார்டன் அட் 120", 2019-ல திறந்தது. முன்பதிவு கிடையாது, டிக்கெட் கிடையாது, எதுவும் வாங்கவும் வேண்டாம். கண்ணாடிக் கூரையும் இல்ல. நிஜமான வானம், பந்தல்ல படர்ற விஸ்டீரியா கொடி, நாலு பக்கமும் ஊர். முதல் தடவை வர்ற நண்பர்களை நான் இங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

மூணாவது, செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்துல. 1930-கள்ல ஃபாரடே கட்டடம்னு ஒண்ணு எழும்பி, நதிப் பக்கத்துல இருந்து தேவாலயம் தெரியாம மறைச்சது. அதுக்கப்புறம்தான் சுத்தி இருக்கிற கட்டடங்களுக்கு உயர வரம்பு வந்தது. "செயின்ட் பால்ஸ் ஹைட்ஸ்"னு சொல்வாங்க, இன்னிக்கும் அது அமல்ல இருக்கு. அதனால 2010-ல திறந்த ஒன் நியூ சேஞ்ச் மால், கோபுரத்தை மறைக்காத மாதிரி தாழ்வாதான் நிக்குது. அதோட மொட்டை மாடிக்கு லிஃப்ட்ல இலவசமா போகலாம். கோபுரம் கண்ணுக்கு நேரா நிக்கும். பக்கத்துலயே உட்கார்ந்து குடிக்க பாரும் வச்சிருக்காங்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் காசு, இந்தப் பக்கம் இலவசம். தெரியிற கோபுரம் ஒண்ணுதான்.

இப்படி எழுதி வாங்காட்டி என்ன ஆகும்? கென்சிங்டனைப் பாருங்க. ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் மேல 1938-ல திறந்த ஒன்றரை ஏக்கர் மாடித் தோட்டம். ஓடை, ஓக் மரங்கள், ஃபிளமிங்கோ பறவைகள் எல்லாம் உண்டு. அந்தக் காலத்துல ஒரு ஷில்லிங் கொடுத்தா யாரும் போகலாம். இன்னிக்கு அது உறுப்பினர்களுக்கான தனியார் கிளப். பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிறதால தோட்டத்தை அழிக்க முடியாது. ஆனா அந்தப் பட்டியல் செடியைக் காப்பாத்தும், நம்ம நுழைவைக் காப்பாத்தாது.

"எல்லாம் சரி, எனக்கு பார்தான் வேணும்"னு சொல்றவங்க தென் லண்டன்ல பெக்கம் போங்க. அடுக்குமாடி கார் நிறுத்தத்தோட உச்சியில ஃபிராங்க்ஸ் கஃபே, 2009-ல இருந்து கோடைக்கு மட்டும் திறக்கும். இளஞ்சிவப்புப் பெயின்ட் அடிச்ச படிக்கட்டுல ஏறணும். மேல போனா லண்டன் முழுக்க ஒரே வரிசையில நிக்கும். சிட்டிக்குள்ள இருந்து பார்த்தா அது கிடைக்காது.

வெயிலையும் யோசிச்சுக்கோங்க. 2022 ஜூலையில லண்டன் 40 டிகிரியைத் தொட்டுச்சு. வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கின சூட்டை சாயங்காலம்தான் விடும். மண்ணும் செடியும் தண்ணியை ஆவியாக்கி அந்த இடத்தைக் கொஞ்சம் குளிர வைக்கும். அனல் அடிக்கிற நாள்ல தோட்ட மாடி, இதமான நாள்ல கார் நிறுத்த மாடி. நான் அப்படித்தான் பிரிச்சுக்குவேன். காத்து மேல பலமா இருக்கும், ஒரு மெல்லிய ஜாக்கெட் எடுத்துக்கோங்க. குடிக்கப் போறீங்கன்னா வயசுக்குச் சான்றும் வேணும். சட்டப்படி 18 ஆனா போதும், ஆனா 25-க்குக் கீழ தெரிஞ்சா கேட்கிறது இங்க வழக்கம்.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: முன்பதிவு வேணுமா? ஏதாவது வாங்கினாதான் உட்கார விடுவாங்களா? எத்தனை மணிக்கு மூடுவாங்க? மூணுக்கும் பதில் உங்களுக்குச் சாதகமா இருந்தா, அந்த மாடி உண்மையிலேயே பொது. அங்க அடிக்கடி போங்க. ஆள் வராத பொது இடத்தைப் பூட்டுறது ரொம்பச் சுலபம்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.