பன்னீர் திராட்சையின் தாய் இத்தாலிக்காரி! தெரியுமா?

லண்டன் ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நேர்கோடு போட்டால் சுமார் 19 கிலோமீட்டரில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. நம்ம கம்பம் பன்னீர் திராட்சையின் தாய் வகை அங்கே இன்னமும் காய்த்துக் குலுங்குகிறது! தெரியுமா?

அது ஒற்றைக் கொடி. நட்ட ஆண்டு 1768! அடித்தண்டின் சுற்றளவு 4 மீட்டர்! மிக நீளமான கிளை 36.5 மீட்டர்! உலகின் மிகப் பெரிய திராட்சைக் கொடி என்று கின்னஸ் பட்டமும் உண்டு. 2001-ல் அந்த ஒரே கொடி தந்த பழம் எவ்வளவு? 383 கிலோ! நடுவதற்குக் குச்சி வெட்டி வந்தது எங்கிருந்து? இல்ஃபோர்டிலிருந்து. ஆமாம், இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் அதே இல்ஃபோர்டு! செப்டம்பர் தொடக்கத்தில் போனால் அந்தப் பழத்தை அரண்மனைக் கடையிலேயே வாங்கலாம்.

இங்கிலாந்தில் இதன் பெயர் பிளாக் ஹாம்பர்க். பூர்வீகமோ இத்தாலியின் வடகோடி! அங்கே இது ஸ்கியாவா கிரோசா. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதற்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கும் பிறந்த பிள்ளைதான் மஸ்கட் ஹாம்பர்க். தேனி மாவட்டத்துக்கு வந்ததும் அது பன்னீர் திராட்சை! 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில்? வருடம் முழுக்க!

ஸ்கியாவா ஒயினைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. லேசாகக் குளிரவைத்து மீன் பொரியலோடு வையுங்கள், அவ்வளவு பொருத்தம்!

பன்னீரின் தந்தை வகையும் இத்தாலியில் விளைகிறது. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கு சிசிலியில் பெயர் சிபிப்போ. பாந்தெலேரியா தீவில் காற்று அடிக்கிற வேகத்துக்குக் கொடி நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு குழிக்குள் நட்டுக் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள்! இந்த முறையை 2014-ல் யுனெஸ்கோவே மரபுச் செல்வமாக அறிவித்தது. உலர்த்திய சிபிப்போ பழத்தில் செய்யும் இனிப்பு ஒயின் பாசித்தோ. கருப்பட்டியும் ஏலமும் மணக்கும் வட்டிலப்பத்துக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது!

சிபிப்போவின் பெற்றோரில் ஒன்று எது தெரியுமா? மொஸ்காதோ பியாங்கோ! அப்படியானால் பன்னீர் திராட்சைக்கு அது தாத்தா பாட்டி முறை! அதில் செய்யும் மொஸ்காதோ தாஸ்தியில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான். இதுதான் நம் சாப்பாட்டுக்கு முக்கியம்! மிளகாயின் காப்சைசின் தூண்டும் அதே நரம்பு உணர்வியை ஆல்கஹாலும் தூண்டும். உறைப்பான கொத்து ரொட்டியோடு 15 சதவீத ஒயினைக் குடித்தால் வாய் எரியாமல் என்ன செய்யும்? குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, மெல்லிய நுரை. மொஸ்காதோவில் மூன்றும் இருக்கிறது!

மிளகு மணக்கும் திராட்சை உண்டா? உண்டு! ஃப்ரியூலி பகுதியின் ஸ்கியோப்பெத்தினோ. கிட்டத்தட்ட அழிந்தே போய், 1970-களில் மீட்கப்பட்ட வகை இது. நம் மிளகின் வாசனைக்குக் காரணமான ரொட்டண்டோன் இதிலும் இருக்கிறது! ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்! அதைவிட ஆச்சரியம், சோதனையில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை! மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

மட்டன் ரோல்ஸுக்கு? நுரைக்கும் லாம்ப்ருஸ்கோ தி சோர்பாரா! இந்தக் கொடியின் மகரந்தத்துக்கு வீரியமே இல்லை. பக்கத்தில் சலாமினோ என்ற வேறொரு வகையை நட்டால்தான் ஒழுங்காகக் காய்க்கும்!

இத்தாலியில் பதிவான ஒயின் திராட்சை வகைகள் 500-க்கும் மேல்! அடுத்த முறை கடைக்குப் போகும்போது வழக்கமான பாட்டிலை விட்டுவிட்டு, ஸ்கியோப்பெத்தினோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்!