தோட்டத்து வாசலில் மாம்பழக் கடை: கொங்கண் விவசாயக் குடும்பங்களின் நேரடி விற்பனை லாபமா, சுமையா?

மும்பையிலிருந்து கோவா நோக்கிச் செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏப்ரல், மே மாதங்களில் பயணம் செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. நான்கு மூங்கில் கழிகள், மேலே ஒரு தார்ப்பாய், கீழே வைக்கோல் பரப்பிய பலகை. அதன் மீது அளவு வாரியாக அடுக்கி வைக்கப்பட்ட அல்போன்சா மாம்பழங்கள். அருகில் கோகம் சர்பத் பாட்டில்கள், பலாப்பழம், முந்திரி, களாக்காய். விற்பவர் பெரும்பாலும் வியாபாரி அல்ல. சற்றுத் தொலைவில் உள்ள தோட்டத்தின் உரிமையாளர் அல்லது அவரது குடும்பத்தைச் சேர்ந்தவர்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்காட் மாவட்டங்களில் கோடைக்காலத்தில் முளைத்து, பருவமழை தொடங்கியதும் மறைந்துவிடும் இந்தச் சிறு கடைகள், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பல நேரங்களில் தீர்மானிக்கின்றன. விளைச்சலை மண்டிக்கு அனுப்புவதா, வாசலிலேயே விற்பதா என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை.

ஒரே தோட்டம், பல அறுவடைகள்

கொங்கண் தோட்டம் என்பது மாமரங்கள் மட்டுமே கொண்டதல்ல. செம்மண் மேட்டில் மாவும் முந்திரியும், வீட்டை ஒட்டிய நிழலில் பலாவும் கோகமும், நீர் கிடைக்கும் இடத்தில் தென்னையும் பாக்கும் எனக் கலந்து வளர்ப்பதே அங்குள்ள வழக்கம். நெல் அறுவடை முடிந்த வயல்களில் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு வெள்ளரி, சிவப்புக் கீரை, அவரை போன்ற காய்கறிகள் பயிரிடப்படுகின்றன.

ராய்காட் மாவட்டத்தின் அலிபாக் பகுதியில் இதே முறையில் விளையும் வெள்ளை வெங்காயம் புவிசார் குறியீடு பெற்றது. காரம் குறைந்த இந்த வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துச் சடையாகப் பின்னி, சாலையோரக் கடைகளில் தொங்கவிட்டு விற்கின்றனர். பின்னும் வேலையையும் விற்பனையையும் பெரும்பாலும் பெண்களே மேற்கொள்கின்றனர்.

கோகம் பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழத்தின் தோலை அதன் சாற்றிலேயே திரும்பத் திரும்ப ஊறவைத்து வெயிலில் காய வைத்தால், கொங்கண் சமையலில் புளிக்கு மாற்றாகப் பயன்படும் கருஞ்சிவப்பு வற்றல் கிடைக்கிறது. மே மாத வெயில் இதற்கு இன்றியமையாதது. மழை முந்திவிட்டால் பழம் மரத்தடியிலேயே வீணாகிறது.

பூ முதல் பழம் வரை

இத்தனை பயிர்கள் இருந்தாலும் கடையைத் தாங்கி நிற்பது மராத்தியில் 'ஹாபூஸ்' என்று அழைக்கப்படும் அல்போன்சாதான். போர்ச்சுகீசிய ஆளுநர் அபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயரால் வழங்கும் இந்த ரகத்துக்கு, ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்காட், தாணே, பால்கர் ஆகிய 5 மாவட்டங்களை உள்ளடக்கி 2018-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

சுவையில் உயர்ந்த இந்த ரகம் வளர்ப்பதற்குக் கடினமானது. ஓராண்டு நன்கு காய்த்தால் அடுத்த ஆண்டு விளைச்சல் குறைவது இதன் இயல்பு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரவுக் குளிர் போதிய அளவு இருந்தால்தான் பூ எடுக்கும். பூத்த பிறகு தத்துப்பூச்சி, இலைப்பேன், சாம்பல் நோய் ஆகியவற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பூவிலிருந்து பறிக்கும் பக்குவம் வரை ஏறத்தாழ 4 மாதங்கள் ஆகின்றன.

இந்தக் குறைகளைக் களைய தாபோலியில் உள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் புதிய ரகங்களை உருவாக்கியது. தென்னிந்தியாவில் பரவலாக விளையும் நீலம் மாம்பழத்தை அல்போன்சாவுடன் கலந்து உருவாக்கப்பட்ட 'ரத்னா' அவற்றுள் ஒன்று. ஆயினும் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்துபவர் கேட்பது ஹாபூஸ் மட்டுமே.

பறிப்பதிலும் ஒரு கணக்கு

மாம்பழம் மரத்திலேயே கனிந்து பறிக்கப்படுவதில்லை. முற்றிய காயாகவே பறிக்கப்படுகிறது. ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்கின்படி, '14 அணா' பக்குவத்தில், அதாவது சுமார் 85 சதவீதம் முற்றிய நிலையில் பறிப்பது கொங்கண் விவசாயிகளின் வழக்கம். அதற்கு மேல் மரத்தில் விட்டால், வெளியில் எந்த அடையாளமும் தெரியாமல் உள்ளே சதை வெளுத்துப் பஞ்சு போலாகும் குறைபாடு அதிகரிக்கிறது. அல்போன்சாவைப் பெரிதும் பாதிக்கும் இந்தக் குறைபாடு, பழத்தை அறுத்த பிறகே வாங்கியவருக்குத் தெரியவரும்.

நீண்ட கழியின் முனையில் கத்தியும் வலைப்பையும் பொருத்திய துறட்டியால், காம்பு சிறிது நீளமாக இருக்கும்படி காய் பறிக்கப்படுகிறது. காம்பு ஒடிந்தால் வடியும் பால் தோலில் பட்டுக் கருமையான தழும்பை உண்டாக்கும். பழத்தின் விலையும் சரியும். வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையிலும் மட்டுமே பறிப்பு நடைபெறுகிறது. பறித்த காய்கள் தரம் பிரிக்கப்பட்டு, வைக்கோல் பரப்பிய அறையில் அடுக்கப்படுகின்றன. ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் அவை பழுக்கின்றன.

தோட்டக் காவலுக்கும் பறிப்புக்கும் உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. நேபாளத்திலிருந்து வரும் தொழிலாளர்களே பருவம் முழுவதும் பல தோட்டங்களில் தங்கி வேலை செய்கின்றனர்.

100 ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு?

நேரடி விற்பனையின் ஈர்ப்பைப் புரிந்துகொள்ள மண்டி வழியைப் பார்க்க வேண்டும். பழம் தோட்டத்திலிருந்து லாரியில் நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தைக்குச் செல்கிறது. அங்கு கமிஷன் முகவர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எனக் கை மாறுகிறது. மருந்து தெளிப்பு, கூலி ஆகியவற்றுக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே முகவரிடம் முன்பணம் பெற்ற விவசாயி, விலை எதுவானாலும் அவருக்கே சரக்கை அனுப்பக் கடமைப்பட்டவர். பூ எடுக்கும் நிலையிலேயே முழுத் தோட்டத்தையும் குத்தகைக்கு விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு.

இந்திய ரிசர்வ் வங்கி 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கைகளின்படி, உள்நாட்டில் நுகர்வோர் மாம்பழத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் விவசாயியைச் சென்றடைவது சுமார் 43 ரூபாய். திராட்சையில் இது 35, வாழைப்பழத்தில் 31, தக்காளியில் 33, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 ரூபாய். மற்ற விளைபொருள்களோடு ஒப்பிட்டால் மாம்பழ விவசாயியின் நிலை மேலானதே. எனினும் பாதிக்கும் மேற்பட்ட தொகை வழியிலேயே பிரிந்துவிடுகிறது.

வாசலில் விற்பதால் மீதி 57 ரூபாயும் அப்படியே விவசாயியின் கைக்கு வந்துவிடுவதில்லை. அட்டைப்பெட்டி, வைக்கோல், பழுக்க வைக்கும் இடம், நாள் முழுவதும் கடையில் அமரும் ஆள் ஆகிய அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பாகின்றன. விற்காமல் கனிந்துபோகும் பழத்தின் இழப்பும் அவர்களுடையதே. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அறுவடைக்குப் பின் வீணாகும் மாம்பழத்தின் அளவை 9.16 சதவீதம் என மதிப்பிட்டது. மண்டிக்கு அனுப்பினால் பலரும் பகிர்ந்துகொள்ளும் இந்த இழப்பு, கடையில் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இதனால்தான் பல குடும்பங்கள் சரக்கைப் பிரித்து விற்கின்றன. பெரிய அளவிலான முதல்தரப் பழங்கள் நகரங்களில் உள்ள நிரந்தர வாடிக்கையாளர்களுக்குப் பெட்டியாகவும், நடுத்தர அளவு மண்டிக்கும் செல்கின்றன. சிறியவை, தோலில் தழும்பு உள்ளவை, நெடும்பயணத்தைத் தாங்காத அளவு கனிந்தவை ஆகியன சாலையோரக் கடைக்கு வருகின்றன. சுவையில் குறையாத, ஆனால் மண்டியில் விலை போகாத பழத்துக்கு அங்கு மதிப்புக் கிடைக்கிறது. எஞ்சியவை மாம்பழக்கூழ் ஆலைக்குச் செல்கின்றன. அல்லது வீட்டிலேயே மாம்பழத் தோசையாகக் காய வைக்கப்படுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

விவசாயி நுகர்வோருக்கு நேரடியாக விற்பது புதிய கருத்தல்ல. சண்டிகரில் 1987-இல் 'அப்னி மண்டி', ஆந்திரத்தில் 1999-இல் 'ரைது பஜார்', அதே ஆண்டில் தமிழகத்தில் உழவர் சந்தை எனப் பல மாநில அரசுகள் இதற்கென இடம் ஒதுக்கின. மகாராஷ்டிர அரசு 2016-ஆம் ஆண்டு பழங்களையும் காய்கறிகளையும் வேளாண் விளைபொருள் சந்தைக் குழுக்களின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. இதன் பயனாக, ஒழுங்குமுறைச் சந்தைக்குச் செல்லாமலேயே விவசாயிகள் விரும்பியவருக்கு விற்க வழி ஏற்பட்டது.

மாம்பழத் தோசை, கோகம் சர்பத் போன்றவற்றைத் தயாரித்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு தேவை. சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், இயந்திரங்கள் உள்ளிட்ட முதலீட்டுக்குக் கடனுடன் இணைந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வழங்கப்படுகிறது.

நம்பிக்கையே முதலீடு

சாலையோரக் கடையின் பெரும் சிக்கல் நம்பிக்கை சார்ந்தது. பிற மாநிலங்களில் விளைந்து, தோற்றத்தில் அல்போன்சாவை ஒத்திருக்கும் பழங்கள் 'தேவ்கட்', 'ரத்னகிரி' பெயர் அச்சிட்ட பெட்டிகளில் விற்கப்படுவதாக கொங்கண் விவசாயிகள் நீண்ட காலமாகவே குற்றம்சாட்டி வருகின்றனர். விலை குறைந்த பழம் உயர்ந்த பெயரில் சந்தையை நிறைக்கும்போது, உண்மையான தோட்டக்காரரின் விலையும் சரிகிறது. இதைத் தடுக்க, தேவ்கட் பகுதி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 2025 பருவத்தில் ஒவ்வொரு பழத்திலும் தனி அடையாள எண் கொண்ட வில்லையை ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது.

மற்றொரு கவலை கார்பைடு கல். கால்சியம் கார்பைடு ஈரத்துடன் சேரும்போது வெளிப்படும் அசிட்டிலின் வாயு பழத்தின் தோலை விரைவாக மஞ்சளாக்குகிறது. அதில் கலந்திருக்கக்கூடிய ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவை உடலுக்குத் தீங்கானவை. எனவே இதைப் பயன்படுத்திப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்துள்ளன. மாற்றாக, எத்திலீன் வாயுவை 10 லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. எத்திலீன், பழங்கள் பழுக்கும்போது தாமாகவே வெளியிடும் வாயுதான்.

வாங்குபவர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வைக்கோலில் பழுத்த பழங்கள் அனைத்தும் ஒரே சீரான மஞ்சளாக இருப்பதில்லை. சிலவற்றில் பச்சை எஞ்சியிருக்கும். காம்பின் அருகே இயல்பான மணம் வீசும். பெட்டி முழுவதும் ஒரே நிறமாக இருந்து மணமே இல்லையெனில் கேள்வி எழுப்பலாம். அந்தக் கேள்விக்கு நேரில் பதில் சொல்லக்கூடியவர் தோட்டக்காரர் என்பதே வாசல் கடையின் பலம்.

மழைக்கு முன் முடிய வேண்டும்

கொங்கணில் மாம்பழப் பருவத்தின் இறுதி நாளை மழையே குறிக்கிறது. ஈரம் கூடினால் பழ ஈயும் பூசண நோயும் பெருகி, மரத்தில் எஞ்சிய பழம் விற்பனைக்கு உதவாமல் போகிறது. தென்மேற்குப் பருவமழை மும்பையை எட்டும் வழக்கமான நாள் ஜூன் 11. ஆனால் 2025-இல் மே 26-ஆம் தேதியே அது அங்கு வந்துவிட்டது. கடைசி இரு வாரப் பறிப்பையும் கோகம் உலர்த்தலையும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த 16 நாள்கள் சிறிய இடைவெளி அல்ல.

மறுமுனையில், குளிர்காலம் தாமதமாகத் தொடங்கினால் பூப்பதும் தள்ளிப்போகிறது. தொடக்கம் தள்ளி, முடிவு முந்தும் ஆண்டுகளில் பெரும்பகுதி விளைச்சல் மே மாதத்தின் சில வாரங்களில் ஒருசேரச் சந்தைக்கு வந்து விலை வீழ்கிறது. அத்தகைய நாள்களில் வாசல் கடையில் விற்கும் சில டஜன்கள், மண்டி விலைக்குக் கட்டுப்படாத ஒரே வருமானமாக அமைகின்றன.

கடை பெரிய லாபத்தைத் தருகிறதா என்பதைவிட, விலை சொல்லும் உரிமையை ஆண்டுக்கு இரு மாதங்களாவது விவசாயியின் கையில் தருகிறது என்பதே இதன் முக்கியத்துவம். முதல் மழைக்குப் பின் தார்ப்பாய் சுருட்டப்படும். நிலம் நெல் நாற்றுக்குத் தயாராகும். அடுத்த நவம்பரில் குளிர் எப்போது வரும் என்பதைப் பொறுத்தே, பலகையில் மீண்டும் எத்தனை பழங்கள் அடுக்கப்படும் என்பது தெரியவரும்.