செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்குக் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தோம். மாலைக்குள் சேலைகளை ஒப்படைக்க வேண்டிய அங்கத்தினர் ஒருவர், விளக்கு வைத்த பிறகு, மூட்டையைத் தோளில் சுமந்து நடந்து வந்தார். வழியில் அவருடைய மோட்டார் சைக்கிளின் செயின் பற்சக்கரத்திலிருந்து கழன்று பின்சக்கரத்தையே இறுக்கிவிட்டது. அவர் கீழே விழாமல் தப்பியது தெய்வாதீனம்.

"ஐயா, புதுச் செயின் போட்டு ஆறு மாதந்தான் ஆகிறது" என்றார். நமக்குத் தலை குனிந்தது. ஏனெனில், "செயினை மட்டும் மாற்றினால் போதும், பற்சக்கரங்களுக்கு வீண் செலவு வேண்டாம்" என்று அன்று அவருக்கு யோசனை கூறியவர் நாமே. அந்தத் தவற்றிலிருந்து கற்றதை அங்கத்தினர்களுக்குக் கூறுவது நம் கடமை.

செயின் பழசானால் நீண்டுவிடுகிறது என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும், அவற்றைச் சுற்றியுள்ள குழல்களும் மண்ணாலும் உராய்வாலும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி உண்டாகி, அவை ஒன்றுசேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. நீண்ட செயின் பல்லின் அடியில் அமராமல் மேலேறி நிற்கும். அதனால் பற்களும் தேய்ந்து கொக்கிபோல் ஒரு பக்கம் வளைகின்றன. அவ்வாறு வளைந்த பற்களின்மேல் புதுச் செயினை ஏற்றினால் இரண்டும் பொருந்துவதில்லை. பளு சில பற்களின்மேல் மட்டும் விழுந்து, புதுச் செயினும் விரைவில் கெடுகிறது. பழைய செயினை வைத்துக்கொண்டு பற்சக்கரங்களை மட்டும் மாற்றுவதும் இதே தவறுதான்.

இதைக் கேட்ட அந்த நெசவாளர், "பல் கெட்ட அச்சில் புதுப் பாவைப் பிணைத்த கதையாகிவிட்டதே!" என்றார். இதைவிட நன்றாக நம்மால் விளக்க இயலாது. இந்தச் செயினுக்கும் நெசவுத் தொழிலுக்கும் பழைய உறவும் உண்டு. ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1879-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்யும் தொழிலகம் ஒன்றை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டில் அவர் உருவாக்கிய குழல் உருளைச் செயினே இன்று நம் வண்டிகளில் ஓடுகிறது.

இனி, எதை மாற்றுவது என்று தீர்மானிக்கும் முறையைக் காண்போம். சிறு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் உள்ளது 428 எண் செயின். எண் அதன் தகட்டிலேயே பொறித்திருக்கும். அதில் ஊசிக்கு ஊசி 12.7 மில்லிமீட்டர். எஞ்சினை நிறுத்தி, செயினை இறுக்கிப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 20 கண்ணிகள் தள்ளியுள்ள ஊசியின் நடுவரை அளக்க வேண்டும். புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு கூடி, ஏறக்குறைய 259 ஆகிவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது எனலாம். வண்டியின் கையேடு வேறு அளவு கூறினால் அதுவே முடிவானது. தேய்மானம் எங்கும் ஒரே சீராக இராது; ஆதலால் இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும்.

பிறகு பற்களைப் பார்க்க வேண்டும். செயின் முழுவதும் உறைக்குள் இருக்கும் வண்டிகளில் உறையைக் கழற்றாமல் பின்சக்கரப் பற்களைச் சரியாகப் பார்க்க இயலாது. நாம் ஏமாந்ததும் இங்கேதான். முன் பற்சக்கரம் சிறியது. முன்னால் 14, பின்னால் 42 பற்கள் என்றால், பின்னது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்னது மூன்று சுற்றுச் சுற்றும். ஆகவே அது முன்னதாகத் தேய்வது இயல்பு.

செயின் அளவு கடந்து தேய்ந்திருந்தாலும், பற்கள் வளைந்தோ கூர்ந்தோ இருந்தாலும் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே முறை. பற்சக்கரங்கள் அதிகம் ஓடாதவையாக, பற்கள் இருபுறமும் ஒத்தவையாக இருந்து, கண்ணி ஒன்று பழுதானதால் மட்டும் செயினை மாற்ற நேர்ந்தால், செயின் மட்டும் போதும்.

பூட்டும்போது இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பின்சக்கரம் இருபுறக் குறிகளிலும் சமமாக நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைப்பது விரலை இழக்கும் வழி.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். அந்த நெசவாளர் இரண்டு செயினுக்கு விலையும், இரண்டு முறை கழற்றிப் பூட்டக் கூலியும் கொடுத்தார். முடிவில் பற்சக்கரங்களையும் வாங்கினார். இரண்டு நாள் தறியும் நின்றது. நாம் மிச்சப்படுத்திக் கொடுத்த பணத்தின் கணக்கு இவ்வளவுதான். விடியுமுன் காய்கறி ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் விவசாய அங்கத்தினர்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகமாகலாம்.

அளவு நாடா இல்லாத நெசவாளர் வீடு இல்லை. யோசனை கேட்குமுன் அதை எடுத்து அளந்து பாருங்கள். யோசனை கூறுபவர் நாமாகவே இருந்தாலும், அளந்த பின்னரே நம்புங்கள்.