கால் மில்லிமீட்டரின் மதிப்பு

உங்கள் வீட்டுக் காரின் சைலன்சரில் நீலப்புகை வருகிறதா? மேட்டில் ஏறும்போது இழுவை குறைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சிலிண்டர்களும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருக்கும். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியதுதான். அந்தச் சாக்கில் பெரிய பிஸ்டனாகப் போட்டால் என்ன என்று பலருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 க.செ.மீ. பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 73 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 88.9 மி.மீ. லேத்துப் பட்டறையில் உள்விட்டத்தை 1 மி.மீ. கூட்டிக் குடைந்தால் மொத்தக் கொள்ளளவு சுமார் 1530 க.செ.மீ. ஆகும். அதாவது, ஏறத்தாழ 3 சதவீதமே கூடுதல்!

அமுக்க விகிதத்தை உயர்த்துவது இதைவிடப் பயன் தரும். பிஸ்டன் ஒரு முறை நகரும்போது அடைக்கும் கன அளவு 372 க.செ.மீ. அது மேலே வந்து நின்றபின் எஞ்சும் இடம் 60 க.செ.மீ. எனில், அமுக்க விகிதம் 7.2. அந்த இடத்தை 51 க.செ.மீ. ஆகக் குறைத்தால் விகிதம் 8.3 ஆகிவிடும். இதே அளவு என்ஜின் 1955-இல் பிரிட்டனில் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரில் 8.3 விகிதத்தில்தான் ஓடியது. ஆனால் விகிதத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் பெட்ரோல் முறைதவறி வெடிக்கும். பிஸ்டன் உடையவும் கூடும்.

புதிய பாகங்களை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று பள்ளியில் படித்தோமல்லவா? அந்தப் பாடம் இங்கேதான் உதவுகிறது. 73 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு வளையத்தின் சுற்றளவு 229 மி.மீ. சிலிண்டர்ச் சுவரைவிட வளையம் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அது கால் மில்லிமீட்டர் அதிகமாக நீளும். அதற்காகவே வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுகிறார்கள். அது போதாவிட்டால் முனைகள் முட்டிக்கொள்ளும். வளையம் சிலிண்டரைக் கீறும். ஓடும் வண்டியிலேயே என்ஜின் இறுகி நின்றுவிடலாம். வண்டிக்குள் இருப்பது நம் குடும்பம் அல்லவா?

இதைச் சரிபார்ப்பது எளிது. வளையத்தைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். பிறகு ஃபீலர் கேஜ் தகட்டை இடைவெளியில் நுழைத்து அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் முனையைச் சிறிது அராவலாம்.

பிஸ்டனுக்கும் இதே விதிதான். அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல் சுமார் இரு மடங்கு விரியும். அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்களில் சிலிக்கான் குறைவாக இருந்தால் அவை மேலும் விரியும். அவற்றுக்குச் சுவரோரம் கூடுதல் இடம் விடவேண்டும். எனவே முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதை அளந்து, தயாரிப்பாளர் தந்த அளவுப்படி சிலிண்டரைக் குடையச் சொல்லுங்கள்.

பிரிப்பதும் துலக்குவதும் பூட்டுவதும் வீட்டிலேயே முடியும். பேரிங் மூடிகள் இடம் மாறாதபடி ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு வையுங்கள். ஸ்பானரைப் போலவே ஃபீலர் கேஜும் திருகு அளவியும் கையருகே இருக்கட்டும். அளக்காமல் எதையும் பூட்டாதீர்கள்!