அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, வண்டலூர்

மயிலாடுதுறையினின்றும், விழுப்புரம், செங்கற்பட்டு மார்க்கமாகச் சென்னைக்குப் பிரயாணம் செய்வோர் வழியில் இறங்கிக் காணும் இப்பூங்கா, உண்மையில் அந்த இருப்புப்பாதை சென்று சேரும் எழும்பூரில், அரசாங்க மியூசியத்தின் வளாகத்தில், 1855-இல் பிறந்ததாகும். மியூசியத்தின் பொறுப்பை ஏற்றிருந்த டாக்டர் எட்வர்டு பால்ஃபர், அங்கே உயிருடன் வைத்திருந்த மிருகங்களைப் பார்க்கவே ஜனங்கள் திரளுவதை உணர்ந்து, கர்நாடக நவாபின் மிருகங்களையும் நன்கொடையாக வேண்டிப் பெற்று, வெகு விரைவில் 300-க்கு மேற்பட்ட ஜீவன்களைச் சேர்த்துவிட்டார். ஒரு வைத்தியருடைய இந்த உற்சாகம் மிகவும் போற்றத்தக்கது.

1863-இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, சென்ட்ரல் நிலையத்தின் அருகே, ஊரார் ‘உயிர் காலேஜ்’ என்றழைக்க, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது நிலைபெற்றது. ஆயினும் கூண்டுகளின் நெருக்கமும் நகரத்தின் இரைச்சலும் வாயில்லா ஜீவன்களுக்குப் பெருந்துன்பமே.

ஆகவே பூங்கா வண்டலூருக்கு மாற்றப்பெற்றது. 1985 ஜூலை 24 அன்று திறக்கப்பெற்ற இந்த 602 ஹெக்டேர் வனத்தில், அகழி சூழ்ந்த திடல்களில் அவை உலாவுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கு இங்கே குட்டிகளை ஈன்று வளர்க்கிறது. மழை பெய்து நிறைந்த ஓட்டேரி ஏரிக்கோ, அழைப்பாரின்றியே நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. அணைக்கரையில் கொள்ளிடத்து முதலைக்கு அஞ்சி விலகும் காவிரி நாட்டார், அதன் இனத்தை இங்கே நிதானமாக நின்று நோக்கலாம்.

அன்புகூர்ந்து கல்லெறியாமலும், தீனி கொடாமலும், கூச்சலிடாமலும் பார்த்துச் செல்க.